அந்த வண்டியா, வேறு வண்டியா?



மிலிந்த மன்னனுக்கும் நாகசேன தேரருக்கும் நிகழ்ந்த உரையாடலை நம் சங்கக் கூட்டங்களில் பன்முறை கேட்டிருக்கிறோம். நாகசேனன் எனப்படுபவன் யார் என்று வேந்தன் வினவினான். தேரர், வேந்தன் ஏறி வந்த ரதத்தையே சான்றாகக் காட்டினார். ஏர்க்கால் ரதமா? அச்சு ரதமா? சக்கரமா? நுகமா? ஒன்றும் அன்று. இவற்றிற்குப் புறம்பே ரதம் என ஒரு பொருள் தனித்து இருக்கிறதா? அதுவும் இல்லை. உறுப்புகள் முறைப்படி கூடியவிடத்து ரதம் என்ற பெயர் வழங்குகிறது. அவ்வாறே உருவம், நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என்னும் ஐங்கந்தங்கள் கூடியவிடத்து மனிதன் என்ற பெயர் வழங்குகிறது.

இவ்வுவமை கேட்டுக் கேட்டு நம் செவியில் தேய்ந்துவிட்டது. காரணம், ரதத்தைக் கழற்றிப் பூட்டும் மனிதரை நாம் கண்டதில்லை. கழற்றிப் பூட்டுகிறவனுக்கோ இக்கேள்வி வெறும் சொல்லாக நில்லாது. கையில் வந்து உறுத்தும். ஆதலின், இக்காலத்தில் வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றிப் பூட்டப்படும் ஒரு ரதத்தை எடுத்துக்கொண்டு, பழைய கேள்வியைப் புதிதாகக் கேட்டுப் பார்ப்போம். அது இங்கிலாந்தில் செய்யப்பட்ட ‘லோட்டஸ் எலான்’ என்னும் சிறு மோட்டார் வண்டி. லோட்டஸ் என்ற சொல்லுக்குத் தாமரை என்பது பொருள். பெயர்ப் பொருத்தம் கருதி இதனைத் தேர்ந்தோமில்லை. இதன் அமைப்பே நம் கேள்விக்கு ஏற்றதாயிருக்கிறது.

எலான் 1962இல் வெளிவந்து 1973 வரை செய்யப்பட்டது. இருவர் மட்டும் அமரத்தக்கது. எடை ஏறக்குறைய 700 கிலோ. நம் நாட்டுச் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் காரின் எடை 1,100 கிலோவை ஒட்டியது என்பதை நினைத்தால் இதன் மென்மை விளங்கும். முதுகெலும்பு போன்ற எஃகு அடிச்சட்டம் நடுவே ஓடும். அதன்மேல், கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த கூடு கவிழ்ந்திருக்கும். என்ஜினின் அடிப்பாகம் போர்டு கம்பெனியின் வார்ப்பிரும்பு. தலைப்பாகம் லோட்டஸ் கம்பெனிக்கென அமைக்கப்பட்ட அலுமினியம். பெரும்பாலான வண்டிகளில் என்ஜினின் கொள்ளளவு 1,558 கன சென்டிமீட்டர். ஆக, பிறக்கும்போதே அது பல இடத்துப் பொருள்களின் கூட்டு.

இன்னொன்றும் உண்டு. அந்நாளில் முழு வண்டியாக வாங்கினால் அரசுக்குக் கொள்முதல் வரி செலுத்த வேண்டும். உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொண்டால் அவ்வரி இல்லை. ஆதலால் பலர் உறுப்புகளாகவே வாங்கிவந்து தம் வீட்டில் பூட்டினர். அத்தகைய வண்டி பிறந்த இடம் தொழிற்சாலையா, வீட்டுக் கொட்டகையா? இதன் வடிவமைப்பில் முதன்மையாக நின்ற ரான் ஹிக்மன் என்பவரே, பிற்காலத்தில் வீட்டுக் கைவேலைக்கு உதவும் ‘ஒர்க்மேட்’ என்னும் மடக்கு மேசையைக் கண்டுபிடித்தார் என்பதும் இவ்விடத்து நினைக்கத் தக்கது.

அரை நூற்றாண்டு கடந்த இவ்வண்டியை வைத்திருப்பவர் விடுமுறை நாள்களில் செய்வது யாது? பின்சக்கரங்களுக்கு விசையைக் கடத்தும் தண்டுகளில் நான்கு ரப்பர் வளையங்கள் உண்டு. முதுமையில் அவை கீறும். கீறியதைக் கண்டு மாற்றுகிறார். சிலர் அவ்வளையங்களை அறவே நீக்கி, வேறுவகை மூட்டுள்ள தண்டுகளைப் பொருத்துகின்றனர். தண்ணீர் பம்பு என்ஜினின் முன்மூடிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், அது கசிந்தால் என்ஜினின் முன்பக்கத்தையே பிரித்தாக வேண்டும். ஒரு சிறு பேரிங்குக்காகப் பல நாள் உழைப்புச் செல்லும். முகவிளக்குகள் வெற்றிடத்தின் விசையால் எழுந்து நிற்பவை. அவ்வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் கலம் வேறெங்கும் இல்லை. அடிச்சட்டத்தின் முன்புறக் குறுக்குப் பெட்டியே அது. அப்பெட்டி துருவேறி ஊசித் துளை விழுந்தால், முற்கால வண்டிகளில் விளக்குகள் தாமே தாழ்ந்துவிடும். நோய் விளக்கில் தோன்றுகிறது. காரணமோ சட்டத்தில் இருக்கிறது. இதனைத் தேடிக் கண்டவன், இது இருப்பதால் அது நிகழ்கிறது என்னும் சார்பின் முறையைக் கையாலேயே கற்றவன் ஆகிறான்.

இறுதியில் அடிச்சட்டமே மாற்றப்படுகிறது. துரு அணுகாவண்ணம் துத்தநாகம் பூசிய மாற்றுச் சட்டங்களை லோட்டஸ் கம்பெனியே பின்னாளில் விற்றது. இப்போது சட்டம் புதிது, தண்டுகள் புதியன, பிரேக் குழாய்கள் புதியன, கூடு பலமுறை ஒட்டுப் போட்டுப் பூச்சுப் பூசப்பெற்றது. கொட்டகையில் நிற்பது அந்த வண்டியா, வேறு வண்டியா?

இது வீண் தர்க்கம் என்று எண்ண வேண்டா. இங்கிலாந்து அரசின் வாகனப் பதிவகம், பெருமளவு மாற்றப்பட்ட வண்டி தன் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்பதைத் தீர்க்க, பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறையைக் கையாண்டது. அடிச்சட்டத்துக்கு 5, சக்கரத் தாங்கு அமைப்புக்கு 2, அச்சுகளுக்கு 2, விசை கடத்தும் அமைப்புக்கு 2, திருப்பும் அமைப்புக்கு 2, என்ஜினுக்கு 1. ஆக மொத்தம் 14இல் 8 கிடைத்தால் பெயர் நிலைக்கும். வண்டியின் உயிர் என்று நாம் நினைக்கும் என்ஜினுக்கு ஒரே ஒரு மதிப்பெண்! இந்த எண்களை இயற்கை வகுத்ததில்லை. மனிதர் தம் வழக்குக்காக வகுத்தனர். பெயர் என்பது வழக்கு என்று தேரர் உரைத்ததற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

நீதிமன்றமும் இக்கேள்வியைச் சந்தித்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தை வென்ற பெண்ட்லி வண்டி ஒன்று ‘ஓல்டு நம்பர் ஒன்’ எனப் புகழ்பெற்றது. பிற்காலத்தில் அது ஒரு கோடி பவுனுக்கு விலை பேசப்பட்டது. 1929இல் ஓடிய உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருக்கின்றன. ஆகவே இது அவ்வண்டி அன்று என்று வாங்கியவர் தரப்பு வாதிட்டது. 1990இல் நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். உறுப்புகள் மாறின என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் இடையறாத ஒரு வரலாறு இருக்கிறது. எந்த நாளிலும் அது அழிந்து வேறொன்று அதன் இடத்தில் வந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆகவே அப்பெயர் அதற்கே உரியது என்று முடிவு செய்தார். பாலி நூலை அவர் எண்ணினாரோ இல்லையோ, அவர் நடந்த வழி நாகசேனர் நடந்த வழியே. முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றும் அன்று, வேறும் அன்று. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று தொடர்கிறது என்பதே தேரர் தந்த விடை.

இனி, இவ்விடை நம் வாழ்வில் எங்கே படுகிறது என்று காண்போம். இதனைத் தவறாகக் கொள்வோர் இரு திறத்தார். ஒரு திறத்தார், மாறாத சாரம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பர். இது சாசுவத வாதம். மறு திறத்தார், எல்லாம் அறுந்து போகிறது, பழையதற்கும் புதியதற்கும் தொடர்பே இல்லை என்பர். இது உச்சேத வாதம். பகவான் இரண்டையும் விலக்கினார். இரண்டும் பழுது பார்க்கும் கையை முடக்குவன என்பதைக் கொட்டகையில் நிற்பவன் எளிதில் அறிவான். மாறாத சாரம் ஒன்று உண்டு எனின், எதனையும் திருத்த முடியாது. தொடர்ச்சியே இல்லை எனின், எதனையும் திருத்த வேண்டுவதில்லை. உறுப்புகள் மாறத் தக்கனவாயும், நேற்றைய வினை இன்றைக்கு வந்து சேர்வதாயும் இருப்பதனால்தான் ஸ்பானரை எடுப்பதில் பொருள் இருக்கிறது.

உச்சேத வாதத்தின் தீமையை முதலில் பார்ப்போம். பிரேக்கில் இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சும் இயல்புடையது. வண்டி ஓடாமல் நின்றாலும் உறிஞ்சும். டாட் 4 என்னும் தரமுள்ள எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் கீழ் கொதிக்கலாகாது என்பது விதி. ஈரம் ஊறிய நிலைக்கு அதே விதி 155 பாகையையே கேட்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மலைச் சரிவில் பிரேக் சூடேறும்போது, ஈரம் ஊறிய எண்ணெய் கொதித்து ஆவியாகும், மிதித்த மிதி தரைக்குப் போகும், வண்டி நில்லாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை அவ்வெண்ணெயை மாற்றச் சோம்பியவன் ஒருவன். அவ்வண்டியை அவனிடம் விலைக்கு வாங்கியவன் வேறொருவன். சரிவின் அடியில் சாலையைக் கடந்த குழந்தையோ இருவரையும் அறியாதது. சோம்பிய நாளில் இருந்த நான் வேறு, இன்றைய நான் வேறு என்று முன்னவன் சொல்லித் தப்பலாமோ?

மிலிந்தனுக்குத் தேரர் சொன்ன மாமரக் கதை இதற்கு விடை கூறும். மாங்கனி திருடியவன், உடையவன் நட்டது வேறு மாங்காய், நான் பறித்தது வேறு மாங்காய் என்று வழக்காடினால் விடுபடான். நட்டதைச் சார்ந்தே பறித்தது வந்தது. ஆன்மா இல்லை என்ற தம்மம் பொறுப்பைக் குறைப்பதாகப் பிறர் நம்மைப் பழிப்பதுண்டு. உண்மை அதற்கு மறுதலை. என் வினையின் பயன் என் ஆன்மாவோடு மட்டும் போகும் எனில், அது என் சொந்தக் கணக்கு என்றிருந்துவிடலாம். ஆன்மா என்னும் வேலி இல்லாதபடியால், என் வினை எவர் மேலும் சென்று விழும். ஆகவே நம் கணக்கு பெரிது.

பஞ்சசீலமும் கொட்டகைக்குள் வருகிறது. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழையாமல் உறுதியான தாங்கிகளை நிறுத்துவது முதற்சீலம். தன் உயிரும் உயிரன்றோ? பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருந்தது. 1999இல் இங்கிலாந்து அதனைத் தடை செய்தது. பழைய வண்டியின் பிரேக் தூசியை வாயால் ஊதிப் பறக்கவிடாதிருப்பதும், கழிவெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதிருப்பதும் அச்சீலமே. துருவேறிய சட்டத்தில் பட்டி வைத்துத் தார் பூசி மறைத்து விற்பது அதின்னாதானமும் முசாவாதமும் ஒருங்கே ஆகும். எந்த உறுப்பை எந்த ஆண்டு மாற்றினோம் என்று குறிப்பேட்டில் உள்ளபடி எழுதி வைத்து, அடுத்தவன் கையில் கொடுப்பவன் வாய்மையைக் காக்கிறான்.

இனிச் சாசுவத வாதத்தின் தீமை. பழைய வண்டிகளைச் சேர்ப்போரில் ஒரு சாரார், தொழிற்சாலையில் முதலில் பொருத்திய அதே எண்ணுள்ள என்ஜின் இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்பர். பழமையை உள்ளபடி காக்க விரும்புவதில் குற்றமில்லை. அது வரலாற்றறிவுக்கு உதவும். ஆனால் அந்த எண்ணில் வண்டியின் உயர்வு குடியிருக்கிறது என்று நம்பும்போது பொய் பிறக்கிறது. எண் பொருந்தாத வண்டியில் பழைய எண்ணைக் கள்ளத்தனமாகப் பொறித்து விற்போரும் தோன்றுகின்றனர். அன்பாகப் பேணப்பெற்று, பிரேக் பிடித்தால் பிடித்த இடத்தில் நிற்கும் வண்டி தாழ்ந்தது. எண் பொருந்தி, துருவேறிக் கிடக்கும் வண்டி உயர்ந்தது என்றாகிறது.

இந்த முறையை நாம் எங்கே கண்டிருக்கிறோம்? வேறெங்கும் போக வேண்டா. நாம் பிறந்த தெருவிலேயே கண்டோம். ஒருவன் செய்வது யாது, எவ்வாறு வாழ்கிறான் என்று பாராமல், எங்கே வார்க்கப்பட்டான் என்ற எண்ணை மட்டும் பார்க்கும் முறைக்கு நம் நாட்டில் சாதி என்று பெயர். பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் ஆகான். உழுபவனும் கைவினைஞனும் தத்தம் செயலாலேயே அப்பெயர் பெறுகின்றனர் என்று வாசெட்டனுக்குப் பகவான் விளக்கினார். சாதி என்பது மாறாத சாரம் உண்டு என்னும் பொய்யின்மேல் எழுப்பிய மாளிகை. அனாத்ம தத்துவம் அதன் அடிக்கல்லைப் பெயர்க்கிறது.

1898இல் அயோத்திதாசப் பண்டிதர் இலங்கை சென்று பஞ்சசீலம் பெற்றார். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றி, கோலார் தங்க வயலிலும் பெங்களூரிலும் கிளைத்தது. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் பாபாசாகிப் அம்பேத்கர் பல லட்சம் மக்களோடு தம்மம் ஏற்றார். இவ்வழிகளில் வந்த நம்மை நோக்கி இன்றும் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று வெளியிலிருந்து வருவது: பெயரை மாற்றினாலும் நீ பழையவனே. மற்றொன்று நம் உள்ளிருந்தே வருவது: தீட்சை பெற்றாயிற்று, பழையது யாவும் அழிந்தது, இனிச் செய்ய ஒன்றுமில்லை. முன்னது சாசுவத வாதம். பின்னது உச்சேத வாதம்.

முதற்குரலுக்கு விடை மேலே கூறினோம். இரண்டாம் குரல் இனிமையானது, அதனாலேயே அபாயமானது. துருவின்மேல் புதுப்பூச்சுப் பூசினால் சில மாதம் பளபளக்கும். பின்னர் பூச்சுக் கொப்புளிக்கும். அழுக்குத் துணியில் நல்ல சாயம் ஏறாது என்று பகவானும் உவமை கூறினார். இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். துரு எஃகின் பாவம் அன்று. வடியவிடாமல் நீரைத் தேக்கியதனால் வந்தது. தலைமுறை தலைமுறையாகக் கல்வியையும் நிலத்தையும் மறுத்து நம் மக்களைத் தேங்கிய நீரில் நிறுத்தியது சமூகம். சமயத்தின் பெயர் மாறிய அன்றே அத்தீங்கு மறையுமோ? பட்டியல் சாதியினருக்குரிய உரிமைகள் பௌத்தம் தழுவியோருக்கும் உண்டு என்று மத்தியச் சட்டம் 1990இல்தான் ஏற்றது. நாகபுரி நிகழ்ச்சிக்கு 34 ஆண்டுகள் கழிந்தபின்! அதுவரை, பூச்சைக் கண்டு துரு இல்லை என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. அரசு செய்த அத்தவற்றை நாம் நம்மளவில் செய்யலாகாது. நம் இல்லங்களில் பெண்ணைத் தாழ்த்தும் வழக்கம் இருக்கிறதா? நம்மினும் எளியாரை உட்பிரிவு கூறி விலக்கும் பழக்கம் ஒட்டியிருக்கிறதா? குடி இருக்கிறதா? கூட்டைக் கழற்றிச் சட்டத்தைப் பார்க்க அஞ்சலாகாது.

ஓர் ஐயம் எழலாம். பழைய வண்டியொன்றின்மேல் இத்துணைப் பொழுதும் பொருளும் செலவிடுவது தண்ஹையே அன்றோ? பற்றறுக்கச் சொன்ன தம்மத்தில் இதற்கு இடம் ஏது? நேர்மையான ஐயம். வண்டிக்காக மனைவி மக்களின் உணவைக் குறைப்பவன், பிறர் தொட்டால் சீறுபவன், தன் பெருமைக்காக அதனை வெளியே நிறுத்துபவன் பற்றில் கட்டுண்டவனே. ஆனால் பேணுதல் யாவும் பற்றாகாது. உதேன மன்னனின் அரசியர் ஐந்நூறு ஆடைகளை ஆனந்த தேரருக்கு வழங்கினர். இத்தனையை என் செய்வீர் என்று மன்னன் கேட்டான். கிழிந்த ஆடை உடுத்திய பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் தேரர். பழைய ஆடைகள்? விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பின்னர் தரைவிரிப்பாகி, கால் துடைப்பானாகி, தூசு தட்டும் துணியாகி, இறுதியில் துண்டாக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகப் பயன்படும் என்றார். யாவற்றையும் துறந்தவரே ஒரு நூலையும் வீணாக்கவில்லை! பற்றுடையவன், பொருள் மாறலாகாது என்கிறான். பேணுகிறவன், அது மாறும் என்று அறிந்தே அதன்பால் தன் கடமையைச் செய்கிறான். வேளை வந்தபோது கைவிட்டுக் கொடுக்க முடிகிறதா என்பதே இருவரையும் பிரித்தறியும் சோதனை.

நம் முன்னோருள் பலர் தங்க வயலிலும் ரயில் பட்டறையிலும் ஆலையிலும் ஸ்பானர் பிடித்தவர்கள். கைத்தொழில் தாழ்ந்தது என்று ஏடு எழுதியவர் எழுதிக்கொண்டிருந்தபோது, இயந்திரங்களின் பழுதை நீக்கி நாட்டை ஓடச் செய்தவர்கள் அவர்களே. ஓடாமல் மூடி வைத்த வண்டியும் கெடும். ரப்பர் இறுகும், எண்ணெயில் ஈரம் ஏறும் என்பதை அவர்கள் அறிவார்கள். தீட்சை பெற்ற சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டி, உபோசத நாளில் சங்கத்துக்கு வாராதிருக்கும் நம் சகோதரர்களும் இதனை நினைக்கக் கடவர்.

அடுத்த பௌர்ணமியில் சீலங்களை ஏற்குமுன், ஒவ்வொருவரும் தம் வாழ்வில் இவ்வாண்டு மாற்ற வேண்டிய ஒரே ஓர் உறுப்பு எது என்று தேர்ந்து வாருங்கள். ஒன்று போதும். அதனைக் கழற்றி முடிக்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் அடுத்த பழுது தானே தெரியவரும்.